கல்லில் எழுதிய விருப்பமும் தாளில் எழுதும் உயிலும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்துள்ள திருமலையில் முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கங்கை வரை சென்ற அம்மன்னனின் வெற்றிகளை அதன் மெய்க்கீர்த்தி வரிசையாகக் கூறுவதால் வரலாற்றாசிரியர்கள் அதனைப் பெரிதும் போற்றுவர். ஆனால், அக்கல்வெட்டு பொறிக்கப்பட்டது அவ்வெற்றிகளைப் பதிவதற்காக அன்று. மல்லியூர் வணிகர் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை சினாலயத்தில் நந்தா விளக்கு எரிய 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் வைத்தார் என்பதே அதன் செய்தி. பேரரசனின் புகழுரை முழுவதும் ஒரு வணிகர் மனைவியின் 30 காசுக்கு முன்னுரையாக நிற்கிறது.

அந்த அம்மையாரைப் பற்றி வேறொன்றும் நமக்குத் தெரியாது. எனினும், தம் பொருள் எதற்குப் பயன்பட வேண்டும் என்று அவர் எண்ணினார் என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஐயமின்றிப் படிக்க முடிகிறது. நேற்று மறைந்த ஒருவரின் விருப்பத்தை அவர்தம் மக்களே அறியாது மயங்கி நிற்கும் இக்காலத்தில் இது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தாம் இல்லாத காலத்திலும் தம் எண்ணம் நிலைபெற வேண்டும் என விரும்பிய நம் முன்னோர் மூன்று வழிகளைக் கையாண்டனர். முதலாவது, முதல் கெடாமல் காப்பது. ஊர்ச் சபையாரிடம் வைத்த பொன்னின் பொலிசை மட்டுமே அறத்துக்குச் செலவாகும். முதல் அப்படியே இருக்கும். விளக்குக்கு ஆடுகள் விடப்பட்டபோதும் இதே நெறிதான். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து தொகை குறையாது நிற்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. நல்ல ஏற்பாடு என்பது இன்னது என்பதை இத்தொடரே விளக்கிவிடுகிறது.

இரண்டாவது, காப்பாளரைப் பெயர் குறித்து அமர்த்துவது. இராணிப்பேட்டை மாவட்டத்து விளாப்பாக்கத்தில், முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 945), திருப்பான்மலை அரிட்டநேமிப் பிடாரரின் மாணாக்கியாராகிய பட்டினிக் குரத்தியடிகள் ஒரு கிணறு தோண்டுவித்தார். அக்கிணறும் அதனைச் சார்ந்த மனையும் பெண் பள்ளியாக அமைந்தன. அதனைக் காக்கும் பொறுப்பு ‘இருபத்துநால்வர்’ என்னும் குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. துறவியாகிய அவ்வடிகளும் தமக்குப் பின் யார் பொறுப்பு என்பதைச் சொல்லாமல் விடவில்லை.

மூன்றாவது, எவரும் மறுக்க இயலாதவாறு பதிவு செய்வது. சாசனங்கள் பலரும் கூடும் இடத்தில், சாட்சிகளின் பெயரோடு கல்லில் வெட்டப்பட்டன. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் புதுப்பிக்க இராசராசன் ஆணையிட்டபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்து, பணி முடிந்தபின் மீண்டும் வெட்டினர். கட்டடம் மாறினும் கொடுத்தவர் சொல் மாறக் கூடாது என்பதில் அவ்வளவு கருத்தாக இருந்தனர்.

இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் என்ன நேரும் என்பதற்குச் சென்னை நகரின் வரலாறே சான்று. பச்சையப்ப முதலியார் 1794இல் தம் இறுதி நாள்களில் உயில் எழுதி, பெருஞ்செல்வத்தை அறங்களுக்கென ஒதுக்கினார். ஆவணம் இருந்தது, பொருளும் இருந்தது. காப்பு மட்டும் உறுதியாக இல்லை. உறவினர் பூசலாலும் வழக்குகளாலும் அறங்கள் பல்லாண்டு தடைப்பட்டன. அரசு வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியாலும் நீதிமன்றத்தின் தலையீட்டாலும் பொருள் மீட்கப்பட்டு, 1842இல் அவர் பெயரால் கல்விச்சாலை தோன்றியது. கொடுத்தவரின் எண்ணம் கல்வியாக மலர ஏறக்குறைய 48 ஆண்டுகள் ஆயின.

இத்தகைய பூசல்கள் பெருகிய பின்னரே சட்டம் ஒழுங்குமுறை வகுத்தது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம் சென்னை, பம்பாய் நகரங்களிலும் வங்காளத்திலும் இந்துக்கள், சமணர், சீக்கியர், பௌத்தர் ஆகியோர் எழுதும் உயில்களை ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தது. பின்னர் வந்த 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது. உயில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் ஒப்பமிட வேண்டும். குறைந்தது இரு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் அன்று. செய்தால் பிற்காலப் பூசலுக்கு இடம் குறையும். தெளிந்த மனநிலையில் இருக்கும்வரை அதனை எத்தனை முறையும் மாற்றலாம். ஆதலின், உயில் எழுதுவது அமங்கலம் என்று தள்ளிப்போடுவதற்குக் காரணமே இல்லை.

உயிலுக்கும் தானப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் முதியோர் உணர வேண்டும். உயில் மறைவுக்குப் பின்னரே செயற்படும். தானம் அன்றே உரிமையை மாற்றிவிடும். தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் அக்கடமையைக் கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் நலச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்தை நாடலாம். அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தல் நன்று.

இன்று விருப்பம் என்பது பொருளோடு முடிவதில்லை. நோயுற்றுப் பேச்சிழந்த நிலையில் எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 சனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகளின் முன் ஒப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று பெற்றால் போதும். தமக்காக முடிவு சொல்லும் உற்றார் இன்னார் என்பதையும் அதில் குறிக்கலாம். மருத்துவமனை வாயிலில் மக்கள் ஒருவரையொருவர் நோக்கித் திகைத்து நிற்கும் துயரை அத்தாள் தவிர்க்கும்.

முதல் கெடாமை, காப்பாளர், சாட்சியோடு கூடிய எழுத்து: கல்லுக்கும் தாளுக்கும் நெறி இதுவே. பல சாசனங்களின் இறுதியில், இவ்வறத்தைக் காப்பவரின் திருவடி என் தலைமேல் என்னும் கருத்தில் கொடுத்தவர் பணிவோடு கூறுவதைக் காணலாம். இனிப் பிறக்கப்போகும் யாரோ ஒருவரை முன்வைத்து அவர் செய்யும் வணக்கம் அது. பொருளைச் சேர்த்தவர் அதனை விட்டுச் செல்லும் முறையையும் செம்மையாகச் சொல்லிச் செல்வாராயின், காப்பவருக்குப் பாரம் இல்லை. உடன்பிறந்தாரிடையே பகையும் இல்லை. சாமுண்டப்பை 30 காசுக்கே அவ்வளவு தெளிவாகச் சொல்லிச் சென்றார்.