மந்திரசாலை: பத்மநாபபுரத்திலிருந்து நடந்த அரசு

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருகிறவர்கள் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கிய பூக்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, குறுகலான படியேறி மன்னரின் ஆலோசனை அறையான மந்திரசாலைக்குப் போகிறார்கள். சாளரங்களில் வண்ண அபிரகத் தகடுகள். காலடியில் கண்ணாடிபோல் மின்னும் கரிய தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு சேர்த்துப் போட்ட தரை என்பது ஊரறிந்த செய்தி. அந்த அறையில் அமர்ந்து மன்னரும் தலைமை அமைச்சரான தளவாயும் எடுத்த முடிவுகளைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை.

தக்கலைக்கு அருகே, கருங்கல் கோட்டைக்குள் ஆறரை ஏக்கரில் நிற்கும் இந்தக் கொட்டாரம் ஒரே மூச்சில் எழுந்ததல்ல. தாய்க் கொட்டாரம் 16ஆம் நூற்றாண்டினது என்பார்கள். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கே அரண்மனை எழுப்பினார். அப்போது ஊரின் பெயர் கல்குளம். இப்பகுதியை ஆண்ட, பின்னர் திருவிதாங்கூரான வேணாட்டின் மன்னர் கையோ அன்று அவ்வளவு ஓங்கியிருக்கவில்லை. கோயில் சொத்து, கோயிலை நிர்வகித்த யோகக்காரர் பிடியில். நிலத்தின் பெரும்பகுதி உள்ளூர்ப் பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார், மாடம்பிமார் பிடியில். நாஞ்சில் நாட்டிலோ பன்னிரு பிடாகை (ஊர்த்தொகுதி) நாட்டார் தாமே கூடி முடிவெடுப்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முறையற்ற வரியைக் கட்ட மாட்டோம் என்று இவர்கள் தீர்மானம் போட்டார்கள். நெருக்கடி முற்றியபோது வீடுவாசலை விட்டு மலைப்பக்கம் ஒதுங்கவும் செய்தார்கள்.

இதை மாற்றியவர் 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா. பிள்ளைமாரை ஒடுக்கியதும், 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக்காரரை வென்றதும் பாடப்புத்தகத்தில் உண்டு. என் பார்வையில் அவற்றைவிட ஆழமாகப் பாய்ந்தது கணக்கு. பள்ளியாடி மல்லன் சங்கரனைக் கொண்டு நிலங்களைக் கண்டெழுதி வரி வகுத்தார்கள். நாடு மண்டபத்தும்வாதுக்கல் என்ற பிரிவுகளாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியக்காரர். வரவையும் செலவையும் முன்கூட்டியே வகுத்து வைக்கும் பதிவுக் கணக்கும் வந்தது. 1737 முதல் 1756 வரை தளவாயாக இருந்த இராமய்யனின் கை இவற்றிலெல்லாம் தெரிகிறது. 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, மன்னர் பத்மநாபதாசர் ஆனார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் அவர் காலத்தில்தான்.

இந்தப் புதிய அரசுக்கு ஏற்ற உருவத்தைக் கட்டடமும் எடுத்தது. நாலு நிலை உப்பரிகை மாளிகை எழுந்தது. ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உண்ணக்கூடியது என்று சொல்லப்படும் ஊட்டுப்புரை வந்தது. மந்திரசாலை அமைந்த இடத்தையும் கவனிக்க வேண்டும்: வெளியாட்கள் வந்து நிற்கும் பூமுகத்துக்கு நேர் மேலே, அந்தப்புரத்தை விட்டு விலகி. ஊர்க்கூட்டங்களில் தீர்மானமான பல காரியங்கள் இனி ஒரு மாடி அறையில் முடிவாகி, நீட்டு என்ற அரசாணையாக ஓலையில் எழுதப்பட்டு ஊர்களுக்குப் போயின. நாட்டாரின் குரல் அத்தோடு அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் எடை குறைந்தது.

அறையின் அதிகாரம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் இராமவர்மா காலத்தில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. 1795 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. பத்மநாபபுரத்தின் பெயர் மட்டும் ஆட்சி ஏட்டில் தங்கியது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், இரணியல், விளவங்கோடு தாலுகாக்களைச் சேர்த்துப் பத்மநாபபுரம் டிவிஷன் என்றே 19ஆம் நூற்றாண்டில் வழங்கினார்கள். 1930களில் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறை கொட்டாரத்தைப் பழுதுபார்த்தது. 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது 2014இல்.

மந்திரசாலைக் கதையின் மறுபக்கம் நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளில் இருக்கிறது. அரசின் உத்தரவும் வரியும் வழக்கும் ஊருக்குள் எப்படி வந்து இறங்கின என்பதைக் காட்டும் இந்த ஆவணங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தார், பின்னர் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். தரையின் செய்முறையைச் சொல்லும் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் அந்த ஓலைகளில் ஒன்றின் வாசகத்தையாவது, தமிழிலும் மலையாளத்திலும், இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் சேர்ந்து வைக்க வேண்டும்.