பெட்டியைச் செய்த கைகள்

பேசும் கருவியைக் கண்டுபிடித்தவர் யார் என்று பள்ளி மாணவனைக் கேளுங்கள். எடிசன் என்று உடனே விடை சொல்வான்; 1877 என்று ஆண்டையும் சேர்த்துச் சொல்வான். அந்தக் கருவியைத் தாங்கிய மரப்பெட்டியைச் செய்தவர் யார் என்று கேளுங்கள். மாணவன் விழிப்பான், ஆசிரியரும் விழிப்பார். எந்தப் பாடநூலும் அதைச் சொல்வதில்லை. ஆயினும் விடையின் ஒரு பகுதி பெட்டியின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாதவர் கையில் பழைய பெட்டி அகப்பட்டால், புதுப்பிக்கிறேன் என்று தொடங்கி அந்த எழுத்தைத்தான் முதலில் தேய்த்து அழிக்கிறார்.

ஏறாவூர், மட்டக்களப்பு வாவியை அடுத்த ஊர். நெல்வயலும் வாவி மீன்பிடியும் கைத்தறியும் அதன் வாழ்வு. முஸ்லிம்களும் தமிழரும் அங்கே அயலவர். 1928இல் மட்டக்களப்புக்கு இருப்புப்பாதை வந்தது. அப்பாதையில் ஏறாவூரும் ஒரு நிலையம். அந்த ஊரின் பழைய வீடொன்றின் பரணிலிருந்து ஒரு பாட்டுப்பெட்டி இறக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையைக் கறையான் தின்றிருக்கிறது. பக்கப் பலகையில் ஒட்டிய மெல்லிய மரத்தகடு ஈரத்தால் உப்பி எழுந்திருக்கிறது. சாவி கொடுக்கும் பக்கத்தில், கை பட்டுப் பட்டு மரம் கருத்திருக்கிறது. இதை என்ன செய்வது?

உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் ஒரு சிறு சோதனை செய்ய வேண்டும். பஞ்சில் சிறிது ஸ்பிரிட்டைத் தோய்த்து, பெட்டியின் கண்ணுக்குத் தெரியாத மூலையொன்றில் வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு. அக்காலப் பெட்டிகள் பலவற்றின் மெருகு அதுவே. அதன் மேல் சுழன்ற இசைத்தட்டும் அரக்கையும் கற்பொடியையும் கரியையும் கலந்து அழுத்திய தட்டே.

இந்த அரக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்தது. சிறப்பாகச் சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து வந்தது. பலாசு, குசும்பம், இலந்தை முதலிய மரங்களின் சிறு கிளைகளில் ஒட்டி வாழும் நுண்ணிய பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. ஓர் இறாத்தல் அரக்குக்கு எண்ணற்ற பூச்சிகள் வேண்டும். கிளையை வெட்டி, சுரண்டி, கழுவி, உருக்கி எடுத்தவர்கள் ஆதிவாசி மக்களும் கூலியாட்களும். ஆனால் விலையை வணிகர் தீர்மானித்தனர். இலாபம் கடல் கடந்து போயிற்று.

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் இலண்டன் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அந்தப் பதிவு ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய், அங்கே தட்டாக அழுத்தப்பட்டு, மீண்டும் இந்தியாவுக்கே விற்பனைக்கு வந்தது. அரக்கும் நம் மண்ணினது, குரலும் நம் மண்ணினது. இரண்டையும் ஐரோப்பா சுற்றி வரச்செய்து விலைக்கு வாங்கினோம். 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை எழுந்த பின்னரே தட்டு இங்கே உருவாயிற்று. இந்த அரக்கை மேலைநாடுகள் எவ்வளவு நம்பியிருந்தன என்பதற்கு இரண்டாம் உலகப் போர் சான்று. 1942இல் கடல்வழிகள் ஆபத்தானபோது, இசைத்தட்டுக்கு அரக்கைச் செலவிடுவதை அமெரிக்க அரசு கடுமையாகக் குறைத்தது. காட்டில் கிளை சுரண்டிய பெண்ணின் கை ஓய்ந்தால் நியூயோர்க்கின் பாட்டும் ஓயும் என்பதை அன்று உலகம் கண்டது.

மரத்துக்கும் இதே கதைதான். தொடக்கக் காலக் கருவிகளில் ஒலி பரப்பும் குழாய் வெளியே நின்றது. 1906இல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி அக்குழாயைப் பெட்டிக்குள் மடித்து வைத்து விக்ட்ரோலாவை வெளியிட்டது. அன்றுமுதல் பெட்டி வெறும் உறையாக இருக்கவில்லை. ஒலி புறப்படும் வாயே அதற்குள் அமைந்துவிட்டது. அக்கம்பெனி கேம்டன் நகரில் பெட்டி செய்வதற்கென்றே பெரியதோர் ஆலையைக் கட்டியது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் கோபுரத்தின் வண்ணக் கண்ணாடியில், கருவியின் முன் அமர்ந்து கேட்கும் நிப்பர் என்ற நாயின் படம் இருக்கிறது. மக்கள் அதை நிப்பர் கட்டடம் என்றே அழைக்கிறார்கள். அங்கே பலகை அறுத்த, வச்சிரம் காய்ச்சிய, அரக்கு தேய்த்த தச்சர்களின் பெயரால் அதை எவரும் அழைப்பதில்லை. நாய்க்குக் கிடைத்த நினைவு உழைப்பாளிக்குக் கிடைக்கவில்லை!

ஆனாலும் இந்தப் பெட்டி முதலாளியின் பெட்டியாக மட்டும் இருந்துவிடவில்லை. முதலில் செல்வர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தது; பின்னர் தேநீர்க்கடைக்கும் இறங்கி வந்தது. கச்சேரி மண்டபத்தின் வாயிலை மிதிக்க முடியாதவனும் கடை வாசலில் நின்று எஸ். ஜி. கிட்டப்பாவைக் கேட்டான், கே. பி. சுந்தராம்பாளைக் கேட்டான். அந்த இருவரும் சந்தித்தது இலங்கை மண்ணில் என்பது இங்கே நினைக்கத்தக்கது. கிட்டப்பா 1933இல், இருபத்தேழு வயதில் மறைந்தார். தட்டில் அவர் குரல் நின்றது. இலங்கையின் வானொலியும் இப்பெட்டிக்குக் கடன்பட்டதே. கொழும்பில் நடந்த முதல் சோதனை ஒலிபரப்பில் ஒலித்தது கிராமபோன் இசைதான்.

இவ்வளவும் படிந்திருக்கும் பெட்டியை எப்படிச் செப்பனிடுவது? பழையதைக் காப்பது முதல் விதி. பின்னால் வருபவர் பிரித்தெடுக்கக் கூடியதை மட்டும் சேர்ப்பது இரண்டாம் விதி. அக்காலத் தச்சர் மூட்டுகளை ஒட்டியது விலங்குத்தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தால். வெந்நீரும் சூடும் பட்டால் அது இளகும். ஆகவே உப்பிய தகட்டை இளஞ்சூட்டில் இளக்கி, புது வச்சிரம் தடவி, பலகை வைத்து இறுக்கிக் கட்டினால் மீண்டும் படியும். இன்றைய இரசாயனப் பசைகள் பல ஒருமுறை பிடித்தால் விடுவதில்லை. அடுத்த முறை பிரிப்பவன் மரத்தைப் பிளக்க நேரிடும். கறையான் தின்ற மூலையை முழுப்பலகையோடு கழற்றி எறிய வேண்டியதில்லை. கெட்டதை மட்டும் வெட்டி, அதே வகை மரத்துண்டை இழையோட்டம் பொருந்தச் சேர்த்து, உட்புறத்தில் ஆண்டைக் குறித்துவிட வேண்டும். பழுது பார்த்தவன் தன் வேலையை மறைக்கக் கூடாது, அதுவும் வரலாறுதான்.

மெருகு அழுக்கேறியிருந்தால் முதலில் அழுக்கை மட்டும் துடைக்க வேண்டும். வெடித்த இடத்தில் சிறிது ஸ்பிரிட்டு பட்டால் பழைய அரக்கே இளகி ஒன்றுகூடும். போதாவிடில், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணி சுற்றிய பஞ்சால் மெல்லிய பூச்சுகளாக, நாட்கணக்கில் பொறுமையாய் ஏற்ற வேண்டும். கம்பெனிச் சின்னம் ஒட்டிய இடத்தில் ஸ்பிரிட்டு படலாகாது, அதுவும் கரைந்துவிடும். இதற்குப் பருவமும் பார்க்க வேண்டும். மாரி ஈரத்தில் பூசினால் அரக்கு வெண்மை பூத்துப் பனிபடர்ந்ததுபோல் ஆகும். கச்சான் வீசும் வறண்ட நாட்களில், வெயில் படாத நிழலில் செய்வதே ஏற்றது. கைபட்டுக் கருத்த அந்தப் பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். சாவி கொடுத்த விரல்கள் இட்ட கையொப்பம் அது.

இந்த அக்கறை மிகையென்று சிலர் நினைக்கலாம். ஆனால் இக்கரையில் எவை தப்பிப் பிழைத்தன என்று எண்ணிப் பாருங்கள். 1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பறித்தது. 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் கொன்றனர். அடுத்த மாதமே, அருகிலுள்ள சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்படத் தமிழ் மக்கள் இராணுவத்தால் கொல்லப்பட்டனர். அயலவர் அயலவரை அஞ்சி வீடு விட்டு ஓடிய காலம் அது. அப்படிப்பட்ட ஊர்களில் எஞ்சிய ஒரு மரப்பெட்டி, ஒரே தெருவின் மக்கள் ஒரே பாட்டைச் சேர்ந்து கேட்ட காலத்துக்குச் சாட்சி. அதைப் பளபளப்பாக்கிப் பழம்பொருள் வியாபாரிக்கு விற்றால் பணம் கிடைக்கும், சாட்சி போய்விடும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊரில் அப்படியொரு பெட்டி இருந்தால் அதைப் பாடமாக்குங்கள். ஊரின் முதிய தச்சரை வகுப்பறைக்கு அழையுங்கள். வச்சிரம் காய்ச்சும் மணம் அங்கே எழட்டும். கண்டுபிடித்தவரின் பெயரோடு செய்தவரின் கையையும் பிள்ளைகள் அறியட்டும்.