மெழுகுவர்த்தியும் மகமையும்

குத்துக்கல்வலசையில் சென்ற மாதம் நம்மவர் கூடியிருந்தபோது சிறிய விவாதமொன்று எழுந்தது. ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிச் சம்பளத்துக்கு நிதி சேர்க்கும் பொருட்டு மெழுகுவர்த்தி வார்த்து விற்கலாமென வாலிபர் சிலர் யோசனை கொண்டுவந்தனர். பெரியவர் ஒருவர் எழுந்து, "கொடுப்பதாயின் மடியை அவிழ்த்துக் கொடுத்துவிடுவோம், கூடை சுமந்து தெருத்தெருவாய் விற்பது குலத்துக்கு அழகோ?" என்று வினவினார். பெண்மக்கள் பக்கத்திலே சிரிப்பு எழுந்தது. முடிவின்றியே கூட்டம் கலைந்தது. அப்பெரியவர்பால் நமக்குள்ள மதிப்பு சிறிதும் குன்றாதவாறு, அவர் வினாவுக்குச் சரித்திரம் தரும் விடையை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

விளக்கு எரிவதற்கு முதல் வைத்தல் நம் நாட்டுப் பழைய வழக்கம். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்டமை பலவிடத்தும் காணப்படும். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடு சாவாமலும் மூவாமலும் இருக்குமோ என நகைக்க வேண்டா. மந்தையைப் பெற்ற இடையர், கழிந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகளை வளர்த்துத் தொகை குறையாமற் காத்து, நாடோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர் என்பதே பொருள். முதல் அழியாது, ஊதியமே எரியும். வணிகர் குழாங்களும் இவ்வாறே செய்தன. பிரான்மலையிலுள்ள 13-ஆம் நூற்றாண்டுச் சாசனத்தில் வணிகர் பலர் ஒருங்கு கூடி, உப்பு, நெல், மிளகு, பாக்கு முதலிய சரக்குகளின் மீது பொதிக்கு இவ்வளவென்று வரையறுத்துக் கோயிலுக்கு அளித்த செய்தி உள்ளது. விற்பனையிலிருந்து தருமத்தைப் பிரித்தெடுக்கும் வழி நேற்று முளைத்ததன்று என்பது இதனாற் போதரும்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றி வடக்கே சென்ற நம் முன்னோர், வண்டியும் மாடும் சரக்கும் கள்வர் கைப்படாதிருக்கப் பேட்டைகள் அமைத்தனர். சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்னும் ஆறு ஊர்களிலும் 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் வலுப்பெற்றனர். ஆங்காங்கே உறவின்முறை ஏற்பட்டது. விற்கும் சரக்குக்கு இவ்வளவென ஒரு சிறு தொகையை உறவின்முறைக்குச் செலுத்துவதே மகமை. ஒருவன் கைப்பொருளினின்று நன்கொடையாய்க் கொடுத்தால் அது அவன் மனநிலையைப் பொறுத்தது. இன்று தருவான், நாளை கை நடுங்குவான். மகமையோ தராசு அசையுந்தோறும் தானே சேர்ந்தது. அதனாற் கிணறுகளும் கோயில்களும் சத்திரங்களும் எழுந்தன. விருதுபட்டியில் 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. பிற்காலத்தில் காமராசர் பயின்றது அப்பள்ளியிலேதான்.

அப்பள்ளிக்கு மகமையோடு பிடியரிசியும் துணைநின்றது. உலையிலிடுமுன் வீட்டுப் பெண்மணி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவாள். சேர்ந்ததைப் பள்ளிக்கென்று வாங்கிச் செல்வர். அரிசியைக் கொண்டு சுவர் எழுப்ப இயலுமோ? அது காசாக வேண்டும். கூடை சுமப்பது இழிவெனக் கருதுவோர் பிடியரிசியை வீடுவீடாய்ச் சுமந்தவர்களை எவ்விதம் மதிப்பரோ, அறியோம். நாம் அவர்களைக் கைகூப்பியே நினைக்கின்றோம்.

மகமையிலும் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் சரித்திரம் எழுதுவோர்க்கு ஆகாது. செலுத்த மனமில்லாதவனையும் உறவின்முறை கட்டுப்படுத்திற்று. விலையினுள் மகமை கலந்திருந்தமையால், வாங்கிய அயலான் தான் எதற்குப் பணந் தந்தான் என்றே அறியாதிருந்திருப்பான். மெழுகுவர்த்தியை இன்ன நிதிக்கென்று சொல்லி விற்குங்கால் இக்குறை இல்லை. வாங்குபவன் அறிந்தே வாங்குவான், வேண்டாதவன் போய்விடலாம்.

அறிந்து வாங்கும் இம்முறையில் காந்தியடிகள் பெரிய வணிகர் என்றே சொல்லலாம். 1933 நவம்பரில் தொடங்கிய அரிசன யாத்திரையில், தமக்களித்த வரவேற்புப் பத்திரங்களையும் நகைகளையும் மேடையிலேயே ஏலம் விட்டார். தம் கையொப்பத்துக்கும் ஐந்து ரூபாய் வாங்கினார். 1934 சனவரியில் நம் பக்கத்துக் குற்றாலத்துக்கும் வந்தார். அருவியில் நீராட அரிசனங்களுக்குத் தடையுண்டென்று கேட்டு, நீராடாமலே திரும்பினார். அத்தனை மதிப்புடையார் விற்பதற்கு நாணவில்லை. கடல் கடந்த டென்மார்க்கில் 1904-ஆம் ஆண்டு ஐனார் ஹோல்பெல் என்னும் தபால் ஊழியர், பண்டிகைக் கடிதங்களில் ஒட்டுதற்கு ஒரு சிறு முத்திரையை விற்று நோயுற்ற குழந்தைகளுக்கு நிதி சேர்க்க முயன்றார். முதற் பருவத்திலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்பனையாயின.

பண்டம் மெழுகுவர்த்தியாக இருப்பதேன் எனின், அது எளியது. முற்காலத்தில் ஐரோப்பியர் கொழுப்பில் வார்த்தவை புகையும் நாற்றமும் உடையன. தேன்மெழுகோ கோயிலுக்கும் மாளிகைக்குமே கட்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்டீரினும் பாரபின் மெழுகும் வந்தபின்னரே ஏழை வீட்டிலும் அது ஏறிற்று. அஸ்ஸாமில் 1901-இல் தொடங்கிய திக்பாய் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மெழுகுக்கும் பேர்பெற்றது. டெல்லியில் 1944-இல் ஏற்பட்ட பார்வையற்றோர் நிவாரண சங்கத்தில், பார்வையற்றோர் வார்த்த மெழுகுவர்த்திகள் தீபாவளிச் சந்தையில் விற்கப்படுகின்றன. கண்ணொளி இல்லாதார் பிறர் வீட்டுக்கு ஒளி செய்து தம் சோற்றைத் தேடிக்கொள்வதைக் கேட்டபின் நம் பெரியவரும் மறுத்துப் பேசார் என நம்புகின்றோம்.

காலம் மாத்திரம் பார்த்துச் செய்க. ஆனி, ஆடிச் சாரலில் இப்பக்கத்துத் திண்ணையில் எந்தத் திரியும் நில்லாது. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளும், அதனையடுத்துத் திருக்கார்த்திகையும், பின்னர்க் கிறிஸ்துமஸும் வரும். அவ்விரண்டு மாதமே விற்பனைக்குரிய பருவம். மெழுகு உருக்குவோர் நெருப்பின்மேல் நேரே பாத்திரம் வையாது, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்குவாராக. சிறுவரை அடுப்பண்டை விடற்க.

விற்பனையிலும் கடினமானது கணக்கு. ஒரு கட்டு 50 ரூபாய்க்கு விற்று, மெழுகும் திரியும் அட்டையும் 30 ரூபாயானால், நிதிக்குச் சேர்வது 20 ரூபாயே. 50 ரூபாயென்று மேடையில் முழங்குதல் பொய்யாகும். விற்காமல் தங்கிய கட்டும், உடைந்த கட்டும், கடனுக்குக் கொடுத்த கட்டும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். கடனுக்குக் கொடாதிருத்தல் அதனினும் நன்று. பெரியவர் வீட்டுக்கு நேரிற் சென்று இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "கணக்கை நான் எழுதுகிறேன், கூடையை மட்டும் என் தலையில் வைக்காதீர்கள்" என்றார். வாலிபர் இசைந்தனர். முதற்கணக்கு தை மாத இதழில் வெளிவரும்.