இரண்டு எலும்புக்கூடுகள்

ஒரு பிணம் என்ன விலை தெரியுமா? ஏழு பவுண்டு, பத்து ஷில்லிங்!

1827 நவம்பர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறு வகுப்புக்கு பர்க், ஹேர் என்று இரண்டு பேர் ஒரு உடலை விற்றார்கள். செத்தவர் ஹேர் வீட்டில் வாடகைக்கு இருந்த கிழவர். நோயில் போனவர். 'அடுத்த ஆள் தானாகச் சாகிறவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?' என்று அந்த இருவருக்கும் தோன்றிவிட்டது. 1828 முடிவதற்குள் 16 கொலைகள்.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிந்துவிடும். தேவை மலையளவு, வரத்து கடுகளவு. டாக்டருக்குப் படிக்க வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அறுத்துப் பார்க்க உடல்? 1752-ல் வந்த சட்டம், தூக்கில் போட்ட கொலைகாரனை அறுப்பதையும் தண்டனையில் சேர்த்து வைத்திருந்தது. அப்புறம் எந்த மானஸ்தன் தன் உடலைக் கொடுப்பான்? கல்லறைகளைத் தோண்டித் திருடினார்கள். ஜனங்கள் கல்லறைக்கு இரும்புக் கூண்டு போட்டுக் காவல் காத்தார்கள்.

ஹேர் அப்ரூவராகித் தப்பித்தான். 1829 ஜனவரி 28-ல் பர்க்கைத் தூக்கில் போட்டார்கள். கையோடு அவன் உடலையும் அறுத்தார்கள். பார்க்க ஊரே திரண்டது. ஊர் கற்றுக்கொண்டது என்ன? பயம். வேறொன்றும் இல்லை.

இனி லண்டனுக்கு வாருங்கள். 1832 ஜூன் 6. தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் காலமானார். உயிலில், 'என் உடலை அறுத்துப் பாடம் நடத்துங்கள்' என்று எழுதி வைத்திருந்தார். மூன்றாம் நாள் வெளியே இடி, மழை. நண்பர் உடலை முன்னால் கிடத்திவிட்டு, டாக்டர் சவுத்வுட் ஸ்மித் பேச ஆரம்பித்தார். குரல் பிசிறவில்லை. முகம் மட்டும் பிணம் மாதிரி வெளுத்திருந்ததாம்! கத்தியை எடுப்பதற்கு முன்னால், இந்த மனிதர் ஏன் இப்படிச் செய்தார் என்று விளக்கினார் பாருங்கள், அதுதான் முக்கியம்.

அதே ஆகஸ்டில் புதுச் சட்டம் வந்தது. ஆனால், கேட்பாரற்றுச் சாகும் ஏழைகளின் உடல்களை எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. திருட்டு ஒழிந்தது. கொலைகாரனுக்கு இருந்த தண்டனை ஏழை தலையில் விழுந்தது, அவ்வளவுதான். மனிதர்கள் தாமாகவே கொடுப்பது பரவலாக இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது. 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் சம்மதம் தராதவர் உடலை இங்கிலாந்தில் பாடத்துக்குத் தொடக்கூடாது. உடல் கொடுத்தவர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டு நன்றிக் கூட்டம் நடத்தும் கல்லூரிகளும் அங்கே உண்டு.

பர்க்கின் எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பெந்தமின் எலும்புக்கூடு, மெழுகுத் தலையோடு, சட்டை கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று கோர்ட் தீர்ப்பால் வந்தது. இன்னொன்று உயிலால் வந்தது.

நடுவில் இருக்கும் வித்தியாசம், யாரோ ஒருவர் ஜனங்களிடம் எடுத்துச் சொன்னது.