1200 என்னும் எண்

எடை குறைக்க மிகச் சரியான உணவுமுறை எது என்று தேடும் பெண்ணின் கைக்கு வந்துசேரும் பட்டியல்கள் பலவற்றில் ஓர் எண் தவறாமல் இருக்கிறது: நாளொன்றுக்கு 1200 கலோரி. நூறாண்டைக் கடந்த எண் அது.

அமெரிக்காவில் 1918இல் ‘டயட் அண்ட் ஹெல்த்’ என்ற நூல் வந்தது. எழுதியவர் லுலு ஹன்ட் பீட்டர்ஸ், கலிபோர்னியாவைச் சேர்ந்த மருத்துவர். மருத்துவத்தில் பெண்கள் அரிதாக இருந்த காலம். ஆய்வகத்தில் இருந்த கலோரி என்ற அளவையை வீட்டுப் பெண்களின் சமையலறைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லிப் பழகுங்கள் என்றார். லட்சக்கணக்கான படிகள் விற்ற அந்த நூல் முன்வைத்த அளவுதான் 1200.

முதல் உலகப்போரின் உணவுத் தட்டுப்பாடு அவருக்குக் கைகொடுத்தது. பருத்த உடல் என்பது நாட்டுக்குச் சேரவேண்டிய உணவைப் பதுக்கிவைத்த இடம் என்று அவரால் எழுத முடிந்தது. உடல்நலத்துக்கான அறிவுரை இப்படித்தான் ஒழுக்க விதியாக மாறியது. தன் எடையோடு தானும் போராடியவர் என்பதால் பீட்டர்ஸின் குரலில் நகைச்சுவையும் நேர்மையும் இருந்தன. இந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது, வாழ்நாள் முழுக்கப் பார்த்தாக வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அடுத்த போரின்போது இன்னொரு கணக்கு போடப்பட்டது. 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்சல் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பஞ்சத்தில் வாடிய ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று அறிவதே நோக்கம். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி அளவில் உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி கொடுக்கப்பட்டன. அவர்களுக்குக் கோடையிலும் குளிரியது, நாடித்துடிப்பு தளர்ந்தது. மனம் சோர்ந்தது, எரிச்சல் மிகுந்தது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். ஆய்வு முடிந்த பிறகும் சிலரால் போதும் என்று கையலம்ப முடியவில்லை. 1950இல் முடிவுகள் இரண்டு தொகுதிகளாக வந்தபோது, தலைப்பிலேயே அதற்குப் பட்டினி என்று பெயர் வைத்தார்கள்.

அவர்கள் ஆண்கள், தொடக்கத்திலேயே ஒல்லியானவர்கள், வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வைக்கப்பட்டார்கள். எனவே இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் பெயரை ஒப்பிடலாம். ஆண்களிடம் குளிரும் சோர்வும் உணவைப் பற்றிய ஓயாத நினைப்பும் தோன்றியபோது, அது பசி செய்த வேலை என்று அறிவியல் எழுதிவைத்தது. டயட்டில் இருக்கும் பெண்ணிடம் அதே நினைப்பு தோன்றினால் அவளுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்கிறோம். அவளும் அப்படியே நம்புகிறாள்.

சரி, சிறந்த உணவுமுறை என்று ஒன்று உண்டா? 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 609 பேரை ஓராண்டு கவனித்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இழந்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சிலர் 20 கிலோவுக்கு மேல் இழந்தார்கள், சிலருக்கு எடை கூடியது. இரு குழுவினருக்கும் கலோரி வரம்பு விதிக்கப்படவில்லை. காய்கறி கூட்டுங்கள், சர்க்கரையும் மைதாவும் குறையுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள் என்பதே இருவருக்கும் சொல்லப்பட்டது. வீட்டில் சமைப்பது யார் என்ற கேள்வி மட்டும் அங்கே எழவில்லை.

தமிழில் பத்தியம் என்று ஒரு சொல் இருக்கிறது. நோய்க்காக இருப்பது, நோய் தீர்ந்தால் முறிப்பது. சர்க்கரை நோய்க்கோ மூட்டுவலிக்கோ எடை குறைக்க வேண்டிய பெண் தன் உடலுக்கேற்ற பத்தியத்தைத் தன் மருத்துவரிடம் கேட்டுப் பெறட்டும். நோயே இல்லாத பெண்ணுக்கு முடிவே இல்லாத பத்தியத்தை விதித்தது 1918இன் ஒரு புத்தகம். அதை அவள் இனி முறிக்கலாம்.