கோழிக்கு அணிவித்த கண்ணாடி

கோழிக்கு மூக்குக்கண்ணாடி அணிவித்தனர் எனின் அதனை நகைப்புக்குரிய கதையெனக் கொள்வோரே பலராவர். ஆயினும், அமெரிக்காவின் தெனிசி மாநிலத்தைச் சேர்ந்த அன்ட்ரூ ஜாக்சன் என்பார் (அந்நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்த ஜாக்சன் வேறு, இவர் வேறு) 1903ஆம் ஆண்டிலேயே கோழிகளுக்கான கண்காப்புக் கருவியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றுள்ளார். பிற கோழிகள் கொத்த வருங்கால் அணிந்த கோழியின் கண்ணைக் காத்தலே அதன் நோக்கம். அது வெறுங் கேடயமே. கொத்தும் கோழியின் இயல்பை மாற்ற அவர் முயன்றாரல்லர்.

அம்முயற்சி பின்னரே எழுந்தது. ஆயிரக்கணக்கான பேடுகளை ஒரே கொட்டிலில் அடைத்து வளர்க்குமிடத்து, ஒன்றன் உடலில் சிறிது குருதி கசியினும் ஏனையவை அவ்விடத்தையே கொத்திக் கொத்தி அதனைக் கொன்று தின்னும். குருதியின் செந்நிறமே இவ்வெறிக்குத் தூண்டுகோல் என்று பண்ணையாளர் கருதினர். எல்லாமே சிவப்பாய்த் தோன்றினால் குருதி தனித்துத் தோன்றாதன்றோ? இவ்வெண்ணத்திற் பிறந்ததே 1939இல் கென்ரக்கி மாநிலத்தின் நியூபோட் நகர நிறுவனமொன்று விற்பனைக்குக் கொணர்ந்த 'அன்ரிபிக்ஸ்' என்னுங் கண்ணாடி. அலுமினியச் சட்டத்தில் சிவப்புச் செலுலொயிட்டு வில்லைகள் ஊசலாடுமாறு பொருத்தப்பட்டிருந்தன. இரை பொறுக்கத் தலையைத் தாழ்த்துங்கால் வில்லை விலகித் தொங்கும். தரை தெளிவாய்த் தெரியும். தாக்கத் தலை நிமிர்த்துங்கால் அது கண்ணை மறைக்கும். இதன் நுட்பம் வியக்கற்பாலதே. 1955 தை மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய வணிகர் ஒருவர், ஆண்டொன்றுக்கு 20 முதல் 30 இலட்சம் சோடிகள் விற்பதாகக் கூறினார்.

கண்ணாடி கழன்று விழும். அணிவிக்கக் கூலியும் வேண்டும். ஆதலின் 1980களில் மசசூசெற்சு மாநிலத்தில் றண்டல் வைஸ் என்பார் கண்ணினுள்ளேயே பொருத்துஞ் சிவப்பு வில்லைகளை விற்க முற்பட்டார். அணிந்த பேடுகளின் கண்கள் புண்பட்டமையால் அது நிலைபெறவில்லை. மூக்கின் இடைத்தட்டைத் துளைத்து மாட்டும் மறைப்புகளையோ பிரித்தானியா 1982ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் தடுத்தது.

இவையனைத்தையும் வென்று நின்றது அலகு வெட்டுதலே. 1930களில் ஒகையோ மாநில ஆய்வுநிலையத்தில் கத்தியாலும், 1940களில் கலிபோர்னியாவின் சான்டியாகோ நகரில் உருவான சூட்டலகு பூண்ட பொறியாலும் அது செய்யப்பட்டது. நகம் வெட்டுவது போல்வதே இஃது எனப் பலர் அமைதி கூறினர். 1985இல் பிரூவாட், ஜென்ரில் என்னும் ஆய்வாளர் இருவர், வெட்டுண்ட அலகில் நரம்புக் கழலைகள் தோன்றுவதையும் அவற்றினின்று இயல்பிற்கு மாறான நரம்புத் துடிப்புகள் எழுவதையுங் காட்டியபின் அவ்வமைதி எடுபடவில்லை.

எனக்குத் தோன்றும் பெரும்பிழை வேறொன்று. நோர்வே நாட்டு ஷெல்டெருப் எபே 1920களின் தொடக்கத்தில் விளக்கிய 'கொத்தல் வரிசை' மேல் கீழ் என்னும் நிலையை உறுதிசெய்யுஞ் சண்டை. அது பெரும்பாலுந் தலையை நோக்கியது. இறகு பிடுங்குதல் அத்தகைய சினமன்று. 1980களில் ஒல்லாந்து ஆய்வாளர் புலொக்குயிசு, தரையைக் கிளறி இரைதேடக் கூளமற்ற கோழி அக்கொத்தலையே அயற்கோழியின் இறகின்மேற் செலுத்துகிறது என வாதித்தார். இங்ஙனமாயின், கண்ணாடி செய்தோர் பசியைச் சினமென மயங்கி மருந்து தேடினர் எனல் வேண்டும். பசி என்றது இரைப்பையின் பசியன்று, அலகின் பசி.

சுவீடன், நோர்வே, பின்லாந்து ஆகிய நாடுகள் அலகு வெட்டுதலை அனுமதிப்பதில்லை. அங்கு கூளம், கொத்துதற்குரிய வைக்கோற் கட்டு, மங்கிய ஒளி, அமைதியான இனங்களைத் தெரிந்தெடுத்தல் ஆகியவற்றையே பண்ணையாளர் நம்பியுள்ளனர். இங்கிலாந்திலோ 2016இல் வரவிருந்த தடை, வெட்டாத கூட்டங்களில் இறப்பு மிகும் என்னும் அச்சத்தால் 2015இல் கைவிடப்பட்டது. அங்கு ஒருநாட் குஞ்சின் அலகுநுனியை அகச்சிவப்புக் கதிரால் குறைத்தல் தொடரலாயிற்று.