சாயும் சக்கரமும் சாயாச் சக்கரமும்



பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுக் காலம் பௌதிகமும் சரித்திரமும் கற்பித்த ஒருவனுக்கு, பழைய மாணாக்கர்கள் தேடிவந்து காண்பதே ஓய்வுக் காலத்தின் பெரும்பேறு. அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவில் தொழில் செய்பவர். விடுமுறை நாட்களில் பெரிய மோட்டார் சைக்கிளில் மனைவியுடன் நெடுந்தூரம் செல்லும் வழக்கமுடையவர். அவர் தம் வண்டியின் படத்தைக் காட்டினார். முன்சக்கரத்து டயர் முட்டையின் முனைபோல் உருண்டிருந்தது. பின்சக்கரத்து டயரோ செங்கல்லின் முகம்போல் தட்டையாக இருந்தது.

"இது கார் டயர் அல்லவா?" என்றேன்.

"ஆம், ஐயா. மோட்டார் சைக்கிள் டயரைவிட மூன்று மடங்கு உழைக்கிறது; விலையும் குறைவு. ஆனால் வண்டி செய்தவர்களும் டயர் செய்தவர்களும் கூடவே கூடாது என்கிறார்கள். பல்லாயிரம் மைல் ஓட்டியவர்களோ ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

உடனே விடை கூற எனக்கு வாய் வரவில்லை. ஒரு பொருள் இன்ன வடிவில் இருப்பது ஏன் என்று தெரியாதபோது, அது அவ்வடிவத்தை அடைந்த வரலாற்றைக் கேட்பதே முறை. ஆகவே அவரைச் சில நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, டயரின் வரலாற்றை ஆராயத் தொடங்கினேன். அதன் பயனையே இன்று தங்கள் முன் வைக்கிறேன்.

காற்றடைத்த டயரை முதன்முதல் கண்டவர் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1845-ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 23. ரப்பர் ஊட்டிய கித்தானால் குழாய் செய்து, அதில் காற்றை அடைத்து, மேலே தோலுறை போர்த்திக் குதிரை வண்டியின் சக்கரங்களில் பூட்டினார். லண்டன் மாநகரின் ரீஜண்ட்ஸ் பூங்காவில் அவ்வண்டி ஓசையின்றி ஓடியதைக் கண்டு மக்கள் வியந்தனர். ஆயினும் அக்காலத்தில் மோட்டார் வண்டியும் இல்லை. இன்றுள்ள சைக்கிளும் இல்லை. தேவை பிறக்கும் முன்னே பிறந்த அக்கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதை மீண்டும் கண்டவர், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப். தம் சிறுமகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் குலுங்குவதைக் கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றடைத்து அதன் சக்கரங்களில் கட்டினார். 1888-இல் காப்புரிமை பெற்றார்; தாம்ஸன் முன்னரே பெற்றிருந்தமை பின்னர்த் தெரியவந்ததால் 1890-இல் அது செல்லாததாயிற்று. எனினும் டயர்த் தொழில் நிலைத்துவிட்டது. இங்கே நாம் மனத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. டயரை நமக்குத் தந்தவர் டயர்த் தொழிலில் தேர்ந்தவர் அல்லர். மாட்டுக்கும் குதிரைக்கும் மருந்து கொடுத்தவர். ஆதலால், 'தொழில் அறியாதவன் கைவைக்கலாகாது' என்று சொல்லி என் மாணாக்கரின் வாயை அடைக்க எனக்கு உரிமை இல்லை.

1891-இல் பிரான்ஸ் நாட்டு மிஷெலின் சகோதரர்கள் கழற்றி மாட்டத்தக்க சைக்கிள் டயரைச் செய்தனர். 1895-இல் பாரிஸிலிருந்து போர்டோ சென்று மீளும் பந்தயத்தில், காற்றடைத்த டயர் பூட்டிய மோட்டார் காரை அவர்களே ஓட்டிச் சென்றனர். அதற்கு முன்பே, 1894-இல் ஜெர்மனியில் ஹில்டிபிராண்ட், வுல்ப்முல்லர் என்போர் விற்பனைக்குக் கொணர்ந்த மோட்டார் சைக்கிளிலும் காற்றடைத்த டயர்களே இருந்தன. ஆக, சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் ஆகிய மூன்றின் டயர்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தொடக்கத்தில் மூன்றும் குறுகி உருண்ட குழாய்களே.

பிறகு ஏன் பிரிந்தன? காரின் சக்கரம் சாய்வதில்லை. மோட்டார் சைக்கிளின் சக்கரம் சாய்கிறது. வேறுபாடு அனைத்தும் இவ்வொன்றிலிருந்தே பிறந்தது.

கார் நான்கு கால்களில் நிற்பது. வளைவிலும் அதன் டயர் ஏறக்குறைய நிமிர்ந்தே இருக்கும். எனவே டயரின் முகம் தட்டையாகவும் அகலமாகவும் இருக்க இருக்கப் பிடிப்பு மிகும்; தேய்மானம் பரவலாகும். 1920-களில் குறைந்த காற்றழுத்தம் கொண்ட பருத்த டயர்கள் வந்தன. 1946-இல் மிஷெலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்று, 1949-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் முகத்தின் கீழ் எஃகுக் கம்பிகளால் ஆன கச்சை உண்டு. அக்கச்சை டயரின் முகத்தைத் தரையோடு தட்டையாக அழுத்திப் பிடிக்கிறது. கார் டயர் நெடுநாள் உழைப்பதன் மர்மம் பெரும்பாலும் இதுவே.

மோட்டார் சைக்கிளோ வளைவில் சாய்ந்தே தீரவேண்டும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஏறத்தாழ 30 பாகை சாயவேண்டும் என்பது உயர்நிலைப் பள்ளி மாணவனும் போடத்தக்க கணக்கு. சாய்ந்த டயர் தானாகவே வளைந்து செல்ல விழைகிறது. வீட்டில் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய டம்ளரைத் தரையில் உருட்டிப் பாருங்கள். அது நேரே ஓடாது, வட்டமிட்டு வரும். உருண்ட டயர் சாயும்போது தரையைத் தொடும் பகுதியும் அத்தகைய கூம்பின் இயல்பைப் பெறுகிறது. அன்றியும், எவ்வளவு சாய்ந்தாலும் அதன் தொடுபரப்பு ஏறத்தாழ ஒரே அளவாய் இருக்கிறது. ஆகவே அவ்வுருட்சி அழகுக்காக ஏற்பட்டதன்று. வளைவில் ஓட்டுநரின் உயிரைத் தாங்கும் உறுப்பு அது.

இவ்வுண்மைக்கு வரலாறு இரண்டு சான்றுகள் தருகிறது. மான் தீவில் நடைபெறும் பந்தயத்தில், 1969-ஆம் ஆண்டு மால்கம் அப்ஹில் என்பவர், கடையில் விற்கும் வகையைச் சேர்ந்த டிரையம்ப் வண்டியில் ஒரு சுற்றைச் சராசரி 100 மைல் வேகத்துக்கு மேல் முடித்தார். அவ்வகை வண்டியில் அவ்வேகத்தை எட்டியவர் அவரே முதல்வர். அவர் வண்டியில் இருந்த டன்லப் டயருக்குப் பின்னர் 'டி.டி. 100' என்றே பெயர் வழங்கிற்று. அதன் வடிவம், சாயும்போது பக்கங்கள் தரையை நன்கு பற்றுமாறு அமைக்கப்பட்டது. மற்றொரு சான்று, காரில் 1949-இலேயே வந்த ரேடியல் முறை மோட்டார் சைக்கிளில் பரவ 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தமை. நிமிர்ந்து ஓடும் சக்கரத்துக்குச் செய்ததைச் சாய்ந்து ஓடும் சக்கரத்துக்கு அப்படியே பெயர்த்து வைத்தல் இயலவில்லை.

ஒரு விலக்கும் உண்டு. பக்கத்தில் சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிள் மூன்று சக்கரம் உடையதாதலின் சாய்வதில்லை. ஆகவே அவ்வகை வண்டியினர் பின்சக்கரத்தில் கார் டயர் பூட்டுவது ஐரோப்பாவில் நெடுநாளைய வழக்கம். ஸிட்ரோவன் நிறுவனத்தின் சிறு காருக்குரிய 15 அங்குல டயர் அவர்களிடையே பெயர் பெற்றது. இங்கே வழக்கமும் விதியும் முரண்படவில்லை. சாயாத சக்கரத்துக்குச் சாயாத டயர் பொருந்துகிறது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1956-இல் அந்நாட்டரசு 41,000 மைல் நீளத்துக்கு நெடுஞ்சாலைகள் அமைக்கச் சட்டம் இயற்றியது. அச்சாலைகள் பல இடங்களில் அம்பு விட்டாற்போல் நேராகச் செல்வன. 1975-இல் ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் 'கோல்ட் விங்' என்னும் பெரிய வண்டியை அங்கே விற்கத் தொடங்கியது. 2001-இல் வந்த அதன் வாரிசு 1832 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் உடையது; எடை ஏறத்தாழ 400 கிலோ. இருவர் ஏறி மூட்டை முடிச்சுகளையும் ஏற்றினால் பின்சக்கரம் தாங்கும் பாரம் சொல்லத் தரமன்று. நேரான சாலையில் உருண்ட டயரின் நடுப்பகுதியே ஓயாது தேய்கிறது; பக்கங்கள் புதியனவாய் இருக்க, நடுவே வழுக்கையாகிறது. நெடும்பயணத்தின் நடுவே டயர் மாற்றக் கடை தேடவேண்டிய நிலை வருகிறது. 24 மணி நேரத்தில் 1,000 மைல் செல்வோருக்குச் சான்றிதழ் வழங்கும் சங்கமே அந்நாட்டில் உண்டென்றால், அவர்தம் கவலையை உணரலாம்.

இக்கவலையால் சிலர் அளவொத்த கார் டயரைப் பின்சக்கரத்தில் பூட்டினர். 'ஸ்டார் வார்ஸ்' என்னும் திரைப்படத்தில் வரும் சொல்லைக் கொண்டு, தம்மை 'இருட்பக்கம் சேர்ந்தவர்' என்று அவர்கள் வேடிக்கையாகக் கூறிக்கொள்கின்றனர். அவர்கள் கட்சி வலுவற்றதன்று. டயர் நெடுநாள் உழைக்கிறது. மிகுந்த பாரம் தாங்குகிறது. மழையில் நீரை நன்கு ஒதுக்குகிறது. சிலவகை டயர்கள் காற்றிழந்த பின்னும் சிறிது தூரம் ஓடவல்லவை.

எதிர்க்கட்சியையும் கேட்போம். தட்டையான டயர் சாய மறுக்கிறது. சாய்க்கும்போது பாரம் முழுவதும் அதன் ஓரத்துக்குச் சென்று, வண்டியை நிமிர்த்தவே முயல்கிறது. ஓட்டுநர் வளைவு முழுவதும் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். முன்டயர் ஒரு வகையாகவும் பின்டயர் வேறு வகையாகவும் நடந்துகொள்வதால், திடீரென ஒதுங்கவேண்டிய நேரத்தில் கை பழகிய வழியில் வண்டி பணியாமற்போகலாம்.

வேறொரு தீங்கும் உண்டு. மோட்டார் சைக்கிளின் ரிம்மில் டயரின் விளிம்பு அமரும் இடமும், காரின் ரிம்மில் அஃது அமரும் இடமும் வடிவத்தில் ஒன்றல்ல. எனவே கார் டயர் எளிதில் அமர்வதில்லை. அமரச் செய்யும்பொருட்டு, டயரில் அச்சிட்ட எல்லைக்கு மேலும் காற்றடைப்பவர் உண்டு. அந்நேரத்தில் விளிம்பு அறுந்து வெடித்தால் அடிபடுபவர் வண்டிக்கு உடையவர் அல்லர். காற்றுக்குழாயைப் பிடித்து நிற்கும் கடைப் பையன்.

'நான் பல்லாயிரம் மைல் சென்றேன், ஒன்றும் நேரவில்லை' என்பது உண்மையான சாட்சியமே, பொய்யென்று தள்ளலாகாது. ஆயினும் அது நேரான சாலையின் சாட்சியம். வளைவின் சாட்சியம் அன்று. மேலும், நலமே திரும்பியவர் வந்து கதை சொல்கிறார். திரும்பாதவர் சொல்ல வருவதில்லை. டன்லப்பும் தொழில் அறியாதவர்தாமே என்று கேட்கலாம். அவர் டயரைக் கட்டியது குலுங்கும் சக்கரத்தின் குறை இன்னதென்று அறிந்து, அக்குறையைத் தீர்ப்பதற்காக. இவர்களோ ஒரு குறையைத் தீர்க்க, முன்னோர் தீர்த்துவைத்த வேறொரு குறையை மீண்டும் வரவழைக்கின்றனர்.

இவற்றையெல்லாம் என் மாணாக்கருக்குக் கடிதமாக எழுதினேன். முடிவில், "தம்பி, நீ தனியாகப் போவதாயின் உன் துணிவு உன்னோடு. பின்னால் உன் மனைவி அமர்ந்திருக்கிறாள்; கடையில் ஒரு பையன் குழாயைப் பிடித்து நிற்கிறான். மிச்சமாகும் பணம் உன்னுடையது. வரும் ஆபத்தோ மூவருடையது. இக்கணக்கை நீயே போட்டுப் பார்" என்று முடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து விடை வந்தது. புதிய படத்தில் இரண்டு டயர்களும் உருண்டிருந்தன. "செலவு கூடிற்று, ஐயா, என் நண்பர்கள் நகைக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். அந்நண்பர்கள் இன்னும் கார் டயரிலேயே ஓடுகின்றனராம். அவர்களும் ஒவ்வொரு பயணத்திலிருந்தும் நலமே வீடு திரும்பவேண்டும் என்பதே என் வேண்டுதல்.